கார்டு, கையுறை, கோயில் கயிறு: பட்டறைக் கேள்விகள்

இரும்பு அறுக்கும் கிரைண்டரில், வீலை மூடியிருக்கும் தடுப்பான கார்டைக் கழற்றிவிட்டுத்தான் வேலை செய்கிறோம். இருந்தால் மூலையில் வீல் போகமாட்டேன் என்கிறது. தப்பா?
– கேட் பட்டறைக்காரர், கடலூர் முதுநகர்

தப்புதான். அதோடு, மூலைக்காகக் கழற்றினேன் என்பதை நான் முழுசாக நம்பமாட்டேன். பாதிப் பட்டறைகளில் 4 இஞ்ச் மிஷினில் பெரிய வீலை மாட்டத்தான் கார்டு கழல்கிறது. 4 இஞ்ச் மிஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். 7 இஞ்ச் வீலின் முகத்தைப் படித்துப் பாருங்கள், 8,500 அல்லது அதற்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அது தாங்கும் வேகம் அவ்வளவுதான். மீறினால் சுற்றும் வேகத்திலேயே பிய்ந்து பறக்கும்.

நான் வேலை பழகிய பட்டறையில் ஒருநாள் அப்படித்தான் பறந்தது. பிறை நிலா மாதிரி ஒரு துண்டு, பின்னால் இருந்த தகரத் தடுப்பில் குத்தி நின்றது. அதற்கு ஒரு சாண் தள்ளி என் தலை. கார்டு பெஞ்சுக்கு அடியில் கிடந்தது.

வீலின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் மாதமும் வருடமும் அடித்திருப்பார்கள். அது காலாவதித் தேதி. உங்கள் ஊர் உப்புக்காற்றில் ஈரம் குடித்த வீல், தேதி இருந்தாலும் நம்பிக்கைக்கு உரியது அல்ல. உலர்ந்த இடத்தில் படுக்கவைத்து வையுங்கள். வெட்டுகிற வீலின் பக்கவாட்டில் தேய்க்காதீர்கள். வீல் சுற்றும் நேர்கோட்டில் நிற்காமல் சற்று விலகி நில்லுங்கள். வீல் எட்டாத மூலைக்கு ஹேக்ஸாவும் அரமும் இருக்கின்றனவே!

லேத்தில் கடையும்போது வரும் இரும்புச் சுருள் கையைக் கிழிக்கிறது. கையுறை போட்டால் ஃபோர்மேன் திட்டுகிறார்.
– மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, புதுச்சேரி

நான் ஃபோர்மேன் கட்சி. வெறும் கையில் சுருள் பட்டால் தோல் கிழியும். கையுறையில் மாட்டினால் கையையே உள்ளே இழுத்துக்கொள்ளும். லேத், டிரில்லிங் என்று சுற்றுகிற எதிலும் கையுறை கூடாது. மோதிரமும் மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறும் அதே கணக்குதான். சாமி கோபித்துக்கொள்ளாது, கழற்றி டிபன் பாக்ஸில் வையுங்கள். சுருளை மிஷினை நிறுத்திவிட்டுக் கொக்கிக் கம்பியால் இழுக்கவும். தகடு தூக்கும்போது மட்டும் கையுறை கட்டாயம்.

என் வீட்டுக்காரர் தகடு வெட்டும் ஷியரிங் மிஷினில் இருக்கிறார். தகட்டைப் பிடிப்பது ஒருவர், பெடலை மிதிப்பது இன்னொருவர். பயமாக இருக்கிறது.
– சேதராப்பட்டு

பயம் நியாயமானது. பிடிப்பவர் "சரி" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே மற்றவர் மிதிக்க வேண்டும். தலையசைப்பெல்லாம் கணக்கில் சேராது. பிளேடுக்கு முன்னால் விரல் நுழையாத தடுப்பும், தவறிக் கால் படாதபடி பெடலுக்கு மூடியும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதலாளிதான் போட்டுத் தர வேண்டும். இயந்திரத்துக்கு வேலி வேண்டும் என்பதை 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, 21-ஆம் பிரிவில், எழுதியிருந்தார்கள்.

இன்னொன்று, சுவிட்சை அணைத்ததும் மிஷின் நின்றுவிடாது. அதன் கனமான சக்கரம், அதாவது ஃப்ளைவீல், சுற்றிக்கொண்டே இருக்கும். பிளேடு மாற்றும்போது மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஃப்ளைவீல் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கை வைக்கச் சொல்லுங்கள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் துடைக்கும்போதும் இதேதான்.

ஆக்சிஜன் சிலிண்டரின் ரெகுலேட்டர் இறுகிவிட்டது. ஒரு சொட்டு எண்ணெய் விடலாமா?
– சிப்காட், கடலூர்

வேண்டவே வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் நெருப்பு வைக்காமலே பற்றும். கிரீஸ் கையோடு வால்வைத் தொடவும் கூடாது. ரெகுலேட்டரை மாற்றுங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் ஐஸில் போடலாமா?
– பெயர் வேண்டாம், புதுச்சேரி

நேராகப் போடக்கூடாது; ஐஸ் பட்டால் சதை கெட்டுப்போகும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைக்கவும். 108-ஐக் கூப்பிடும்போதே விரல் துண்டானதைச் சொல்லிவிடுங்கள். ஒட்டவைக்கும் வசதி எல்லா மருத்துவமனையிலும் இருக்காது. அப்புறம், பதற்றத்தில் யாராவது டீ வாங்கிக் கொடுப்பார்கள். குடிக்க விடாதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும்.