பிரேக்கப் ஆன பிறகு கார் அடிபட்டிருந்தா செலவு யாரு தலையில?
ஆர்சி ஒருத்தர் பேர்ல, ஓட்டுனது இன்னொருத்தர், பிரிஞ்சப்புறம் பாத்தா பம்பர் நசுங்கி இருக்கு, காசு யாரு தரணும்ங்கறது நம்ம வேலூர், காட்பாடி பக்கமும் வர்ற கேள்விதான். பொறுப்புன்னா நஷ்டத்த ஈடுகட்ட வேண்டிய கடமை, அவ்ளோதான். 1872 ஒப்பந்தச் சட்டப்படி இரவல் வாங்குனவங்க அத தன் பொருள் மாதிரி கவனமா பாத்துக்கணும், அலட்சியத்துல அடிபட்டா அவங்கதான் தரணும். பக்கத்து வீட்டு பிரியாணி அண்டாவ வாங்கி நசுக்கிட்டா நாமதானே சரி பண்ணிக் குடுப்போம், அதேதான்.

முக்கியமா, திருப்பிக் குடுன்னு கேட்டும் தராம வெச்சிருந்தா அதுக்கப்புறம் ஆகற சேதத்துக்கு வெச்சிருக்கறவங்கதான் பொறுப்பு, அதனால வாட்ஸ்அப்லயாவது எழுதிக் கேட்டு வைங்க, வாய்ல மட்டும் கேக்காதீங்க ப்ளீஸ். கோவத்துல வேணும்னே வண்டிய கீறினா அது பிஎன்எஸ் (ஐபிசிக்கு பதிலா வந்த குற்றச் சட்டம்) 324-ம் பிரிவுப்படி கிரிமினல் குற்றம்.

பிரிஞ்சாச்சு, இனி ஓட்டறவங்க பாடுன்னு பலர் நெனைக்கறாங்க, தப்பு, ஆர்டிஓல பேர் மாத்தாத வரைக்கும் அந்த வண்டி ரோட்ல யாரையாவது இடிச்சா நஷ்டஈடு கேஸ் ஆர்சில பேர் இருக்கறவங்க மேலயும் வரும்.