ஈசிஜி நார்மல், ஆனாலும் நெஞ்சு வலிக்கிறது: கால்சியம் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?

கேட்டவர் ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். வயது 43. சர்க்கரை, பிரஷர் இல்லை, பீடி சிகரெட் பழக்கம் இல்லை. சில வாரங்களாக இடது மார்பில் விட்டுவிட்டுக் குத்துகிறதாம், ஈசிஜியும் எக்கோவும் நார்மலாம். "நானே போய் ஒரு கால்சியம் ஸ்கேன் எடுத்துட்டா நிம்மதிதானே?" என்கிறார்.

நான் தருமபுரியில் சி.டி. டெக்னீஷியன், டாக்டர் இல்லை. கால்சியம் ஸ்கேன் என்பது, இதயக் குழாய்ச் சுவரில் எவ்வளவு சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) படிந்திருக்கிறது என்று சி.டி.யில் பார்த்து ஒரு எண்ணாக (ஸ்கோர்) சொல்வது; ஜீரோ என்றால் கால்சியம் தெரியவில்லை. அந்த ஸ்கேனில் என்ன தெரியும், என்ன தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த உரிமையில் சொல்கிறேன்: எடுக்கலாம். ஆனால் ஒரு டாக்டர் உங்கள் வலியைக் கேட்டு, தொட்டுப் பார்த்து, இதயத்தால் வந்திருக்க வாய்ப்பு குறைவு என்று சொன்ன பிறகு எடுங்கள். நேராக ஸ்கேனுக்கு வந்தால், ஜீரோ என்று வரும் ரிப்போர்ட்டே உங்களை ஏமாற்றிவிடலாம்.

காரணம் இதுதான். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படியும்போது முதலில் அது மென்மையாகத்தான் இருக்கும். பல வருடங்கள் கழித்துத்தான் ஆறின புண்ணில் தழும்பு விழுவது போல அதில் சுண்ணாம்புச்சத்து ஏறும். இந்த ஸ்கேன் பார்ப்பது அந்தத் தழும்பை மட்டும்தான். மென்மையான படிவு இதில் தெரியாது. மாரடைப்பு பெரும்பாலும் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகிறது. கால்சியம் ஏறாத படிவும் அப்படி வெடிக்கும்.

அதனால் வயது ரொம்ப முக்கியம். 55 வயதுக்காரருக்கு ஜீரோ வந்தால் அது பெரிய ஆறுதல், இத்தனை வருடத்தில் குழாய் பெரிதாகக் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு என்று அர்த்தம். 32 வயதுப் பையனுக்கு வரும் ஜீரோவை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, கால்சியம் ஏறவே நேரம் ஆகியிருக்காது. நம் நாட்டவர்களுக்கு இதய நோய் வெள்ளைக்காரர்களைவிட முன்கூட்டியே வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதற்கு ஆதாரமும் உண்டு. 2011-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், அறிகுறிகளோடு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால்சியம் ஸ்கேனோடு சி.டி. ஆஞ்சியோவும் (டை மருந்து ஏற்றி, குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சி.டி.) எடுத்தார்கள். ஜீரோ வந்தவர்களில் 84% பேருக்குக் குழாய் சுத்தமாக இருந்தது. 3.5% பேருக்குப் பாதியோ அதற்கு மேலோ அடைப்பு இருந்தது. எந்த நோய்க்கு என்ன சோதனை, சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2010-இல், இதய நோய்க்கான வாய்ப்பு குறைவாக உள்ள நெஞ்சுவலிக்காரர்களுக்கு முதலில் கால்சியம் ஸ்கேன் என்று சொல்லியிருந்தது. 2016-இல் அதை எடுத்துவிட்டு, சோதனை தேவைப்பட்டால் நேராக சி.டி. ஆஞ்சியோ என்று மாற்றியது. அமெரிக்க இதய சங்கங்களின் 2021 வழிகாட்டுதலோ, நாள்பட்ட வலியும் குறைந்த ரிஸ்க்கும் உள்ளவருக்குக் கால்சியம் ஸ்கேனை முதல் சோதனையாகச் செய்யலாம் என்கிறது. இதய டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. உங்களுக்கு எது என்பதை, உங்களை நேரில் பார்த்த டாக்டர்தான் சொல்ல முடியும்.

ஸ்கேனைப் பற்றிப் பயம் வேண்டாம். ஊசி இல்லை, டை மருந்து இல்லை. நெஞ்சில் ஈசிஜி லீடு ஒட்டி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வோம், இதயம் துடித்து ஓயும் இடைவெளியில் படம் விழும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் எழுந்து போய்விடலாம். கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவெர்ட், இயற்கையாக ஒரு வருடத்தில் நம்மேல் படுவதில் பாதிகூட இல்லை. எல்லா சி.டி. மிஷினிலும் இதை எடுக்க முடியாது, ஈசிஜியோடு இணையும் வசதி வேண்டும். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்கும் ஒன்று: "களி தின்னு தின்னுதான் கால்சியம் படிஞ்சிருக்குமாக்கா? இல்ல, போர் தண்ணியாலயா?" தருமபுரி, கிருஷ்ணகிரி தண்ணீரில் புளோரைடு அதிகம், பல்லில் கறை விழுந்தவர்களை ஊர் ஊராகப் பார்க்கலாம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். தண்ணீரைப் பற்றிய பயம் எங்களுக்கு இயல்பானது. ஆனால் குழாயில் கால்சியம் படிவது, கெட்டுப்போன குழாய்ச் சுவரில் உடம்பே செய்யும் வேலை. தட்டில் இருக்கும் கேழ்வரகு நேராகப் போய் அங்கே ஒட்டுவதில்லை. ஸ்கோர் வந்த பயத்தில் ஒரு பெரியம்மா களியையே விட்டுவிட்டார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அவர் பார்க்க வேண்டியிருந்தது பிரஷரையும் கொழுப்பையும்தான்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துகிற மாதிரி வலி, வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவுவது, நடந்தால் வந்து நின்றால் விடுவது, பெண்களுக்குக் காரணமில்லாத மூச்சுவாங்கலும் முதுகுவலியும்: இதில் எது வந்தாலும் ஸ்கேன் சென்டருக்கு வராதீர்கள். கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டும் உட்கார வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்குப் போங்கள். அங்கே உடனே ஈசிஜியும், இதயத் தசை பாதித்திருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்ப்பார்கள். வலி வந்த உடனே எடுத்த ட்ரோபோனின் நார்மலாக இருக்கலாம், சில மணி நேரம் கழித்துத் திரும்ப எடுப்பார்கள், அதுவரை கிளம்பாதீர்கள். தூரத்துக் கிராமம் என்றால், 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரை கொடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விரலால் காட்டும் இடத்தில் குத்துகிறது, அழுத்தினால் வலிக்கிறது, நடந்தால் கூடவில்லை என்றால் அது தசையோ விலா எலும்பு மூட்டோதான் பெரும்பாலும். டாக்டரும் அப்படியே சொல்லி, நீங்கள் ஸ்கேனும் எடுத்து ஜீரோ வந்தால் நிம்மதியாக ஷிஃப்டுக்குப் போங்கள். 1 முதல் 99 வரை வந்தால் படிவு ஆரம்பித்திருக்கிறது, கொழுப்பு மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் பேசுங்கள். 100-க்கு மேல் என்றால் மாத்திரை பெரும்பாலும் தேவைப்படும், வலியும் தொடர்ந்தால் சி.டி. ஆஞ்சியோவோ வேறு சோதனையோ சொல்வார்கள். 400-ஐத் தாண்டினாலும் அந்த எண்ணை மட்டும் வைத்து ஸ்டென்ட் போடுவதில்லை. ஜீரோ வந்த ரிப்போர்ட்டை வருடாவருடம் புதுப்பிக்கத் தேவையில்லை, நான்கைந்து வருடம் போகட்டும். நடுவில் புது மாதிரி வலி வந்தால் பழைய ஜீரோவைக் கணக்கில் எடுக்காமல் கேஷுவால்டிக்குத்தான் போக வேண்டும்.