நாலு, மூணு – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் வாடிகன் அருங்காட்சியகத்தில் பழைய கிரேக்க ஓவியன் எக்ஸீகியாஸின் ஜாடியைப் பார்த்தேன். டிராய் போரின் கிரேக்க வீரர்கள் அகிலீஸும் அயாக்ஸும் போர்க்கோலத்தில் உட்கார்ந்து பகடை ஆடுகிறார்கள். ஊர் திரும்பி, அந்தப் போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியட்டைப் புரட்டினால் இப்படி ஒரு காட்சியே இல்லை. ஓவியர் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாமா? அந்தக் கறுப்பு என்ன சாயம்? கிரேக்கப் புராணத்தை எங்கே தொடங்குவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிஸியில் தொடங்குங்கள், அப்புறம் வழி தானே தெரியும். கறுப்பு, சாயமே அல்ல. களிமண்ணை நைசாகக் கரைத்துப் பூசி, சூளையில் காற்றை அடைத்துப் புகைமூட்டினால் மண்ணில் இருக்கும் இரும்பு கறுத்துவிடும்.

அந்த “இலியட்டில் இல்லை”தான் எரிச்சலூட்டுகிறது. எக்ஸீகியாஸ் என்ன, ஹோமருக்குப் படம் போட வந்த கூலியாளா? கி.மு. 540–530 வாக்கில், “எக்ஸீகியாஸ் என்னை வரைந்தான், வனைந்தான்” என்று ஜாடியையே பேசவைத்தவன். அவனுக்கு நீங்கள் யார் அனுமதி தர? அவனுக்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட ஜாடிகளில் இதே ஆட்டத்தை வரைந்திருக்கிறார்கள்.

இரண்டு வாய்களின் அருகிலும் எழுத்து இருக்கிறது. பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லையே! அகிலீஸ் ‘தெஸாரா’ என்கிறான், நாலு. அயாக்ஸ் ‘த்ரியா’, மூணு. ஒரே ஒரு எண்ணில் தோற்கிறான். அகிலீஸ் தலையில் கவசம் இருக்கிறது. அயாக்ஸுடையது பின்னால் கேடயத்தின் மேல். பிற்பாடு அகிலீஸ் சாவான், அவன் போர்க்கவசம் இன்னொரு கிரேக்க வீரன் ஒடிஸியஸுக்குப் போகும், அந்த அவமானத்தில் அயாக்ஸ் தன் வாளிலேயே விழுவான். அதையும் எக்ஸீகியாஸ் வரைந்திருக்கிறான். அந்த ஜாடி பிரான்ஸில், புலோன்-சுர்-மேரில் இருக்கிறது. அதில் அயாக்ஸ் தன்னந்தனியாகக் குனிந்து, வாளை மண்ணில் நட்டுக்கொண்டிருக்கிறான். அதுவும் இலியட்டில் இல்லை, போங்கள்.

பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாவதற்கு முந்தின ராத்திரி, அப்பாவும் பெரியப்பாவும் திண்ணையில் தாயம் ஆடினார்கள். நான் தூணில் சாய்ந்து தூங்குவதுபோல் கிடந்தேன். இருவரும் வேறெதுவும் பேசவில்லை. கட்டை உருளும் சத்தம், அப்புறம் எண் மட்டும். யார் ஜெயித்தார்கள் என்று நினைவில்லை. “மூணு” என்று பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னது மட்டும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

சரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். எடுத்த படம் போனில் இருக்குமே? அயாக்ஸின் வாயருகே பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.