குரு இல்லாமல் உண்மையை அறியலாமா?

கேள்வி: வெள்ளிக்கிழமைகளில் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் படிகளை ஏறி மேலே அமரும்போது, காரணமின்றி ஒரு மகிழ்ச்சி பொங்குகிறது. குருவின்றி வரும் அனுபவத்தை நம்பக் கூடாது என்கிறார் தோழி. சரியா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தைத்திரீய உபநிடதத்தில், பிரம்மத்தைக் கற்பிக்குமாறு வேண்டும் மகன் பிருகுவிடம், உயிர்கள் எதிலிருந்து தோன்றி, எதனால் வாழ்ந்து, எதில் ஒடுங்குகின்றனவோ அதை அறிய முயல் என்று தந்தை வருணன் கூறுகிறார். உணவு, உயிர்மூச்சு, மனம், அறிவு என ஒவ்வொன்றையும் பிரம்மமாகக் கண்டு, நிறைவடையாமல் திரும்பிவரும் மகனுக்கு ஒவ்வொரு முறையும் தவம் செய் என்பதே விடை. ஐந்தாவதாக ஆனந்தமே பிரம்மம் என்று உணர்ந்த பிறகு, பிருகு மீண்டும் கேட்டதாக அங்கே கூறப்படவில்லை. குரு இருந்தார், விடையைக் கையில் கொடுக்கவில்லை. 1896இல் மதுரையில், மரண பயத்தைத் தமக்குள்ளேயே விசாரித்த ரமணருக்கோ மனித உருவில் குருவே இல்லை.

ஆயினும், படியேறிய களைப்பு தணியும்போது உடலுக்கு உண்டாகும் இதமும் மகிழ்ச்சியாகவே தோன்றும் (எனக்குச் சந்தேகப் புத்தி சற்று அதிகம்). திங்கட்கிழமை காலை, பினாங்குப் பாலத்து நெரிசலில் வண்டி நகராமல் நிற்கும்போது, அம்மகிழ்ச்சி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்து, தோழியிடம் பிறகு பேசுங்கள்.