மூளைக் கட்டியும் நொதிகளும்: வாசகர் கேள்விகள்

அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட்டில் 'ஐடிஎச்1 ஆர்132எச் பாசிட்டிவ்' என்று இருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

கிளையோமாக்களில் (மூளையின் துணைச் செல்களிலிருந்து உருவாகும் கட்டிகள்) இது இருப்பது இல்லாததைவிட நல்லது. ஐடிஎச்1 நொதியின் 132ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்துவிட்டது. இயல்பான நொதி ஐசோசிட்ரேட்டிலிருந்து ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட்டைத் தயாரிக்கும். மாறிய நொதியோ அந்த ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட்டை 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட்டாக்கும். இது செல்லுக்குள் குவிந்து, டிஎன்ஏவின் மெத்தில் குறிகளை (மரபணுக்களை அடக்கிவைக்கும் வேதிக் குறிகள்) நீக்கும் நொதிகளை முடக்குவதால் செல் முதிராமல் பெருகுகிறது. கட்டி தொடங்குவதே இப்படித்தான். ஆனாலும் இத்தகைய கட்டிகள் பொதுவாக மெதுவாக வளர்பவை. பெரியவர்களுக்கு வரும் கட்டியில் இந்த மாற்றம் இருந்தால், 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி அது கிளையோபிளாஸ்டோமா (மிக வேகமாக வளரும் வகை) ஆகாது.

'நெகட்டிவ்' என்றால் மாற்றமே இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. கட்டித் துண்டுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் இந்தப் பரிசோதனை ஆர்132எச் ஒன்றை மட்டுமே காட்டும். கிளையோமாவில் காணும் ஐடிஎச் மாற்றங்களில் சுமார் 90% இதுதான். மற்றவற்றுக்கு ஐடிஎச்1, ஐடிஎச்2 மரபணுக்களின் வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங் தேவை. 55 வயதுக்குக் கீழே என்றால் கேட்டுச் செய்துவிடுங்கள். கட்டியின் ஓரத்திலிருந்து எடுத்த துண்டில் கட்டிச் செல்கள் குறைவாக இருந்தாலும் சோதனை ஏமாற்றும்.

இந்த நொதிக்கு மாத்திரை உண்டாமே?

வோராசிடெனிப். அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில், ஐடிஎச் மாற்றமுள்ள கிரேடு 2 கிளையோமாக்களுக்கு, அறுவைக்குப் பிறகு தர அனுமதி கிடைத்தது. எடை 40 கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் தினம் 40 மி.கி. இந்த மருந்தைச் சோதித்த இண்டிகோ ஆய்வில் நோய் முற்றாமல் இருந்த காலம் 27.7 மாதம், போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 11.1. கல்லீரலைப் பாதிக்கலாம்: முதல் 2 மாதம் இரு வாரத்துக்கொருமுறை, பிறகு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. கருத்தடை மாத்திரையை நம்ப வேண்டாம், அதன் பலனை இது குறைத்துவிடும்.

சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்குமா?

கிடக்காது. சாப்பாட்டில் குறைத்தாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்த அளவைக் காக்கும். கீட்டோ உணவு ஆயுளைக் கூட்டியதாக நிரூபணம் இல்லை. எடை குறைவதுதான் மிச்சம். டெக்ஸாமெத்தசோன் (மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு) எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ஏறும், அதைக் கட்டாயம் கட்டுப்படுத்துங்கள். அதற்காக மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது.

ஆராய்ச்சி மாணவன் நான். கட்டியில் ஹெக்சோகைனேஸ்-2 (குளுக்கோஸ் சிதைவைத் தொடங்கிவைக்கும் நொதி) அளவு கூடியிருக்கிறது. கட்டி வளர்ச்சிக்கு அதுவே காரணம் எனலாமா?

ஆர்என்ஏ அளவை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். புரத அளவையும் நொதியின் செயலையும் தனித்தனியே அளந்து, அந்த மரபணுவை அடக்கினால் வளர்ச்சி குறைகிறதா பாருங்கள். வளர்ப்பு ஊடகத்தையும் கவனியுங்கள்: வழக்கமான உயர் குளுக்கோஸ் டிஎம்இஎம் ஊடகத்தில் குளுக்கோஸ் 25 மில்லிமோலார், ரத்தத்தில் சுமார் 5தான். அறுவைத் துண்டை உடனே திரவ நைட்ரஜனில் போடாவிட்டால் லாக்டேட் ஏறி, இல்லாத கிளைக்காலிசிஸைக் (குளுக்கோஸ் சிதைவு) காட்டும்.