அப்பாவின் சான்றிதழுக்கு நாந்துக்கு எழுத வேண்டாம், தம்பி

தம்பி, நீங்கள் கேட்டது இது. முதுகலை முடித்து, பாரிசில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு மனுப் போடும் எண்ணம். பட்டியலைப் பார்த்தால் உங்கள் பிறப்புச் சான்றிதழோடு அப்பா அம்மாவின் பிறப்பு, திருமணப் பதிவுகளும் வேண்டுமாம். அப்பா பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம், அம்மா ஆண்டிபட்டிப் பக்கம். இருவருக்குமே அப்படி ஒரு தாள் வீட்டில் இருந்ததே இல்லை. கூட வேலை பார்க்கும் பாண்டிச்சேரி நண்பர், "நாந்துக்கு எழுது, காசில்லாமல் வீட்டுக்கே வரும்" என்றிருக்கிறார்.

அவர் சொன்னது அவருக்குச் சரி. பிரெஞ்சுக் குடிமக்களுக்கு வெளிநாட்டில் நடந்த பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் பிரான்சின் நாந்த் நகரில் உள்ள மத்திய அலுவலகத்தில் இருக்கின்றன. பாண்டிச்சேரியும் காரைக்காலும் 1962இல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையிலேயே இருந்துவிட்ட குடும்பங்களின் ஏடுகள் அங்கே கிடைக்கும். உசிலம்பட்டிக்காரனுக்கு அங்கே என்ன இருக்கிறது? நம்முடையது ஊரில்தான். எந்த ஊர் என்பதுதான் முதல் சிக்கல்.

நம் நாட்டில் பிறப்பைப் பதிவது பிறந்த இடத்தில், குடியிருந்த இடத்தில் இல்லை. தலைப்பிரசவத்துக்கு அப்பத்தா தாய்வீடு போயிருப்பார். அப்படியானால் உங்கள் அப்பாவின் பதிவு அவர் வளர்ந்த கிராமத்து ஏட்டில் இருக்காது, அப்பத்தா பிறந்த கிராமத்து ஏட்டில் இருக்கும். பிரசவம் சிக்கலாகி மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரிக்கு, அதாவது இப்போதைய ராஜாஜி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் மதுரை மாநகராட்சியில் தேட வேண்டும். அம்மா விஷயத்தில் இன்னொன்று. ஆண்டிபட்டி அப்போது மதுரை மாவட்டம். 1996இல் தேனி மாவட்டம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போனது. அம்மாவின் ஒரு தாளில் மதுரை என்றும் இன்னொன்றில் தேனி என்றும் இருந்தால், ஏன் என்று ஒரு வரி எழுதி இணைத்துவிடுங்கள். இங்குள்ள அதிகாரிக்கு அது இரண்டு வேறு ஊராகத்தான் தெரியும்.

கிராமங்களில் அந்தக் காலத்து ஏட்டை எழுதியவர் கிராம முன்சீப். 1980இல் அந்தப் பரம்பரைப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது, வி.ஏ.ஓ.க்கள் வந்தார்கள். அதனால் இன்றைய வி.ஏ.ஓ.விடம் 1950களின் ஏட்டைக் கேட்டால் கையை விரிப்பார். தாலுகா ஆபீசிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும், இரண்டு இடத்திலும் தேடச் சொல்லுங்கள். ஓரிடத்தில் இல்லை என்றதும் திரும்பி வந்துவிடக் கூடாது.

என் கதையைச் சொல்கிறேன். எனக்குத் திருமங்கலம் பக்கம். 2009இல் என் கோப்பு, அப்பாவின் பிறப்புப் பதிவு இல்லை என்று திரும்பி வந்தது. ஊரில் இருந்த மச்சானிடம் அப்பாவின் பெயரையும் பள்ளிக்கூடத்துத் தேதியையும் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மூன்று தடவை போனார். மூன்று தடவையும் "அப்படி ஒரு பேரே இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கோபத்தில் டிக்கெட் போட்டு நானே போனேன்.

ஏட்டைப் பிரித்துப் பார்த்ததும்தான் புரிந்தது. அதில் யார் பெயரும் இல்லை. பிறந்து சில நாளில் எழுதிய பதிவு. அதற்குள் யார் பெயர் வைத்தார்கள்? 'ஆண்' அல்லது 'பெண்', தகப்பன் பெயர், தேதி, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துத் தேதியும் உதவவில்லை. அப்பாவுக்கு அது 1.6.1950. கையைத் தலைக்கு மேல் சுற்றிப் போட்டுக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று வாத்தியார் போட்ட தேதி அது. நம் ஊரில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள், அறிந்ததுதானே.

எழுத்தர் பொறுமையான மனிதர். தாத்தா பெயரை வைத்து ஓரம் அரித்துப்போன தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கிடைத்தது ஒன்றில்லை, இரண்டு. 1949 மார்ச்சில் ஓர் ஆண், 1951 ஜனவரியில் ஓர் ஆண். ஒரே தகப்பன், ஒரே தெரு. இதில் என் அப்பா யார்?

வீட்டுக்கு வந்து கேட்டேன். அப்பாவுக்கே தெரியவில்லை. அவருக்கு மூத்த அத்தைதான் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "உங்கப்பனுக்கு முன்னால ஒண்ணு பிறந்து தங்கலடா. மாசியில பிறந்தது, ஆடி தாண்டல. இவன் தைப் பொங்கல் கழிச்சுப் பிறந்தவன்." தனக்கு ஓர் அண்ணன் இருந்ததை ஐம்பத்தெட்டு வயதில் அப்பா அன்றுதான் கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் 1949இன் இறப்பு ஏட்டை எடுக்கச் சொன்னேன். ஆகஸ்ட் முதல் வாரம்: ஆண், ஐந்து மாதம், காய்ச்சல். 1951தான் அப்பா என்று தீர்ந்தது. அப்புறம் பிரமாணப் பத்திரம் கொடுத்து அந்தப் பதிவில் பெயரைச் சேர்த்து வாங்கினோம். பெயர் சேர்க்கக் காலக்கெடு உண்டு, அவ்வப்போது நீட்டுவார்கள். போனதும் முதலில் அதைக் கேளுங்கள்.

அதனால், ஆபீசுக்கு ஆள் அனுப்பும் முன் வீட்டில் மூத்தவர்களோடு ஒரு மணி நேரம் போனில் பேசுங்கள். எந்த வீட்டில் பிரசவம், என்ன தமிழ் மாதம், முன்னால் பின்னால் பிறந்தவர்கள் யார், தங்காமல் போனது உண்டா. இந்த நாலும் தெரிந்தால் எழுத்தர் ஏடு தேடலாம். தெரியாவிட்டால் கடவுளே வந்தாலும் முடியாது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் நிலைமை தேவலை. கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு பெயரோடு இருக்கும். பிரான்சில் அதைச் சான்றிதழாக ஏற்க மாட்டார்கள், ஆனால் ஊர் ஆபீசில் தேதியைக் காட்ட உதவும்.

எங்குமே கிடைக்காவிட்டால், பதிவு இல்லை என்றே எழுத்தில் சான்று கேளுங்கள். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி அதைத் தருவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு மனுச் செய்யலாம். உசிலம்பட்டியிலேயே கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. ஒன்று மட்டும்: அறுபது வருஷத்துக்கு முன் பிறந்தவருக்குப் போன மாதம் பதிந்த சான்றிதழ் என்றால் இங்கே புருவத்தை உயர்த்துவார்கள். அந்த 'இல்லை' சான்றையும் பள்ளிப் பதிவையும் சேர்த்தே கொடுங்கள்.

மிச்சம் சுலபம், செலவுதான். சான்றிதழுக்குச் சென்னையில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாக ஒட்டித் தரும் சான்று வில்லை. இந்தியா 2005இலேயே அதற்கான பன்னாட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. அதெல்லாம் முடிந்த பிறகே இங்குள்ள நீதிமன்றப் பட்டியலில் இருக்கும் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். நான் முதலில் மொழிபெயர்த்துவிட்டு அப்போஸ்டில் வாங்கப் போய் இரண்டு முறை காசு கொடுத்தேன். அந்த வில்லையையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டுமாம்.

'மூன்று மாதத்துக்குள் எடுத்த நகல்' என்று யாராவது கேட்டால் பதறாதீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பிறப்பு ஏட்டில் ஓரத்தில் கல்யாணம், விவாகரத்து எல்லாம் எழுதிக்கொண்டே வருவார்கள், அதனால் புது நகல் கேட்பது பழக்கம். நம் சான்றிதழுக்கு ஓரமே கிடையாது. குடும்பப் பெயர் எங்கே, இனிஷியல் என்றால் என்ன என்றும் கேட்பார்கள். வெளிநாட்டுப் பதிவு அந்த நாட்டு வழக்கப்படி இருந்தால் போதும் என்று பிரெஞ்சு சிவில் சட்டம் 47ஆம் பிரிவு சொல்கிறது. அந்த எண்ணைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனி மாறும்.

ஊருக்குப் போகும் தேதியைச் சொல்லுங்கள், தாத்தா பெயரை எப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுத் தருகிறேன். சித்திரையில் மட்டும் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று மதுரை மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, அதற்கு முன்னும் பின்னும் எந்த ஆபீசிலும் நாற்காலியில் ஆள் இருக்காது. நான் அந்த வாரம்தான் போய் இறங்கினேன்.