கேஸ் எங்கே போனது என்று கேளுங்கள்

கேள்வி: காசிமேட்டில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. வாங்கி நான்கு வருடங்கள் ஆகின்றன. இரண்டு கோடையாக, ‘கேஸ் குறைந்துவிட்டது’ என்று சொல்லி மெக்கானிக் நிரப்பிவிட்டுப் போகிறார். இந்தச் சித்திரையில் காற்று வருகிறது, குளிர் இல்லை. மொட்டை மாடியில் இருக்கும் அவுட்டோர் யூனிட் முனகிவிட்டு நின்றுவிடுகிறது. கம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற 18,000 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றலாமா? இனி இப்படி ஆகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?
- ஒரு வாசகி, காசிமேடு

பதில்: பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. முனகி நிற்பதெல்லாம் கம்ப்ரசர் சாவு அல்ல. உங்களுடையது, கம்ப்ரசர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ‘இன்வெர்ட்டர்’ ரகம் அல்லாத சாதாரண ஏ.சி. என்றால், கம்ப்ரசர் கிளம்ப உதவும் கெப்பாசிட்டர் என்ற சிறு மின்பாகம் பழுதானாலும் இதே முனகல்தான் கேட்கும். அதை மாற்றச் சில நூறு ரூபாய் போதும். மின்னழுத்தம் குறைந்தாலும் கம்ப்ரசர் கிளம்பத் திணறும். தெருவே ஏ.சி. போடும் இரவு நேரத்தில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, வாரண்டி அட்டையைத் தேடி எடுங்கள். ஏ.சி.க்கு ஒரு வருடம்தான் என்றாலும், கம்ப்ரசருக்கு மட்டும் 5 அல்லது 10 வருடம் தரும் நிறுவனங்கள் பல. கேஸுக்கும் கூலிக்கும் தனியாகப் பணம் கேட்பார்கள். எவ்வளவு என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது அந்த இரண்டு கோடைகள்தான். ஏ.சி.யின் கேஸ் சமையல் சிலிண்டரைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதுவே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். சுற்றிவரும் அந்த வாயுதான் கம்ப்ரசரின் சூட்டைத் தணிக்கிறது, அதன் எண்ணெயையும் திருப்பிக் கொண்டுவருகிறது. வாயு குறையக் குறைய, குளிர் வராததால் மெஷின் ஓய்வில்லாமல் ஓடும். உள்ளே சூடேறும், எண்ணெய் வறளும். ஓட்டையை அடைக்காமல் புதுக் கம்ப்ரசர் போட்டாலும் அதற்கும் இதே கதிதான்.

ஆகவே மெக்கானிக்கிடம், “கேஸ் எங்கே போனது?” என்று கேளுங்கள். நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். பற்றவைத்து அடைத்தபின் வாக்குவம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். பிறகு யூனிட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எடையைத் தராசில் பார்த்து நிரப்ப வேண்டும். பத்து நிமிடத்தில் நிரப்பிவிட்டுக் கிளம்புபவர் இவற்றைச் செய்திருக்க முடியாது.

உங்கள் பகுதியில் ஓட்டை விழக் காரணம் பெரும்பாலும் உப்புக் காற்று. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் எங்கும் அவுட்டோரின் அலுமினியத் தகடுகள் வெள்ளை பூத்து, தொட்டால் உதிர்வதைப் பார்க்கலாம். எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் கன்டெய்னர் லாரிகளின் புழுதியும் சேர்ந்து படிகின்றன. தகடு அடைத்துக்கொண்டால் சூடு வெளியேறாது. அந்தப் பாரமும் கம்ப்ரசர் தலையில்தான் விழும்.

இதற்கு மருந்து தண்ணீர். மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மின் இணைப்புள்ள பக்கத்தை நனைக்காமல், தகடுகளின் மேல் மெதுவாகத் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும். ஒன்றை மறக்காதீர்கள்: போர் தண்ணீர் வேண்டாம். கடலோரத்தில் பல வீடுகளில் அதுவே உப்பு. ஒரு வாளி மெட்ரோ தண்ணீர் போதும். குடிக்கும் தண்ணீரை ஏ.சி.க்கு ஊற்றுவதா என்று மனம் கேட்காதுதான். வடசென்னையில் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்தவர்களுக்கு அந்த வலி தெரியும். ஆனாலும் அந்த ஒரு வாளி 18,000 ரூபாயைக் காக்கும்.

உள்ளே இருக்கும் பில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அலசுங்கள். அவுட்டோரைத் தார்ப்பாயால் மூடிவிட்டு ஓட்டாதீர்கள். அதன் முன்னால் துணி காயப்போடவும் வேண்டாம்.

தகடுகள் பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தால் பழைய ஏ.சி.க்குச் செலவு செய்வதை நான் விரும்பமாட்டேன். புதிது வாங்கும்போது, காயில் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) செம்பா, துருத் தடுப்புப் பூச்சு உண்டா, கடலோர வீட்டுக்கும் வாரண்டி செல்லுமா என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இப்போதுள்ள வாரண்டியை நிறுவனம் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. கேஸ் நிரப்பிய ரசீதுகள் இருந்தால் அவற்றையும் பத்திரமாக வையுங்கள்.